காயும் பழமும்: பிணக்குத் தீர்க்கப் பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

தமிழ்நாட்டுப் பிள்ளைகள் தமக்குள் மனம் கசந்தால் 'காய்' விடுவார்கள். கசப்பு நீங்கியபின் 'பழம்' விடுவார்கள். தில்லிப் பிள்ளைகள் 'கட்டி' என்று சொல்லிப் பிரிவார்கள். 'அப்பா' என்றோ 'பட்டி' என்றோ சொல்லிக் கூடுவார்கள். அந்த 'அப்பா' நம் தந்தையைக் குறிக்கும் சொல் அன்று. இந்திப் பிள்ளைகளின் விளையாட்டுச் சொல். வங்காளத்தில் பிரிவுக்கு 'ஆடி' என்றும் உறவுக்கு 'பாப்' என்றும் சொல்லுவார்கள். குஜராத்தில் 'கிட்டா' விட்டவர்கள் 'புச்சா' சொல்லிச் சேர்வார்கள். பாரதத்தில் எந்த மூலைக்குச் சென்றாலும் சிறுவர் உலகில் இந்த இரட்டைச் சொற்கள் வழங்குகின்றன. பெரியவர் எவரும் இவற்றைப் பாடமாக வைத்துக் கற்பிக்கவில்லை. பிள்ளைகள் தாமே தமக்காக வகுத்துக்கொண்ட சட்டம் இது.

இச்சட்டத்தின் நயத்தை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். சினம் கொண்ட சிறுவன் கையை ஓங்காமல், "உன்னோடு பேசமாட்டேன்" என்று வெளிப்படையாக அறிவிக்கிறான். பிரிவதற்கு ஒரு சொல் இருப்பதுபோலவே மீள்வதற்கும் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது. கதவைச் சாத்தும்போதே திறவுகோலையும் கையில் வைத்துக்கொள்கிறார்கள் சிறுவர்கள். வளர்ந்துவிட்ட நம்மில் பலருக்கு இவ்வளவு முன்யோசனை இருப்பதில்லை.

எனினும் இம்முறையில் ஒரு குறை உண்டு. காய்க்கும் பழத்துக்கும் இடையே பிள்ளைகள் ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. சண்டை எதனால் மூண்டது, அவன் வேண்டியது என்ன, இவன் வேண்டியது என்ன என்பவை ஆராயப்படாமலே போகின்றன. நாட்கள் சென்றதும் கோபம் ஆறுகிறது. காரணம் மட்டும் ஆறாமல் கிடக்கிறது. அடுத்த வாரம் அதே காரணத்தால் அதே இருவர் மறுபடியும் காய் விடுகிறார்கள். இந்த இடைவெளியில் பேசக் கற்பிக்கலாமா, கற்பிக்கலாம் எனில் எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

நமக்கு இதில் உள்ள அக்கறை

பிறமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இப்பொருளில் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஊர் விட்டு ஊர் மாற்றப்படும் மத்திய அரசு ஊழியர்களின் பிள்ளைகள் படிப்பு இடையில் முறியக்கூடாது என்ற நோக்கத்துடன் 1963-ஆம் ஆண்டில் மத்தியப் பள்ளிகள் தொடங்கப்பட்டன. கேந்திரீய வித்யாலயம் என்று இன்று அவற்றை அழைக்கிறோம். அங்கு ஒரே பலகையில் பஞ்சாபிச் சிறுவனும் ஒரியச் சிறுமியும் தமிழ்ச் சிறுவனும் அமர்கிறார்கள். மற்றப் பள்ளிகளிலும் நகரங்களில் இந்நிலையே பெருகி வருகிறது. இத்தகைய வகுப்பறை ஒரு சிறிய பாரதம் என்று விழா மேடைகளில் பாராட்டுகிறோம். அந்தச் சிறிய பாரதத்தில் மதிய உணவு இடைவேளையின்போது என்ன நடக்கிறது என்பதை நாம் அவ்வளவாகக் கேட்பதில்லை.

புதிதாக ஓர் ஊருக்கு வந்த பிள்ளை அவ்வூர் மொழியில் முதலில் கற்றுக்கொள்ளும் சொற்களில் வசவுகளும் அடங்கும். நன்றி சொல்லவும் வழி கேட்கவும் பின்னர்தான் பழகுகிறது. தன்னைக் கேலி செய்பவனிடம், "நீ இவ்வாறு சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது" என்று உரைக்க அதற்கு அம்மொழியில் சொல் இல்லை. ஆகவே ஒன்று, வாய்மூடி நிற்கிறது, இல்லையேல் கைநீட்டுகிறது. வாய்மூடி நின்றால் கோழை என்கிறார்கள். கைநீட்டினால் முரடன் என்று பெயர் எழுதுகிறார்கள். அது கோழையும் அன்று, முரடும் அன்று. அதற்கு வேண்டிய வாக்கியம் அதற்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

நாமும் வீட்டில் இரண்டு விதமாக அறிவுரை கூறிப் பழகியிருக்கிறோம். "பிழைக்க வந்த இடம், பொறுத்துப் போ" என்பது ஒன்று. "ஒருமுறை திருப்பிக் கொடுத்தால் அடங்கிவிடுவான்" என்பது மற்றொன்று. முன்னது பிள்ளைக்குத் தன்மதிப்பைக் குறைக்கிறது. பின்னது சண்டையை நாளைக்கு ஒத்திவைக்கிறது. இரண்டிலும் பேச்சுக்கு இடமில்லை. அடங்கிக் கிடப்பதைச் சமாதானம் என்று நினைத்துக்கொள்ளும் பழக்கத்தை நாம் முதலில் கைவிட வேண்டும்.

வேண்டுவது வேறு, கேட்பது வேறு

சண்டையே இல்லாத வகுப்பறை எங்கும் இல்லை, இருக்கவும் வேண்டியதில்லை. பலர் கூடும் இடத்தில் பல விருப்பங்கள் மோதுவது இயற்கை. மோதும் விருப்பங்களை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

மேரி பார்க்கர் பாலெட் என்னும் அமெரிக்க அம்மையார் 1925-ஆம் ஆண்டு நிகழ்த்திய ஒரு சொற்பொழிவில் இக்கேள்விக்கு விடை கூறினார். மோதலைத் தீர்ப்பதற்கு மூன்று வழிகள் உண்டு என்றார் அவர். ஒருவர் மற்றவரை அடக்குவது முதல் வழி. இருவரும் பாதிப் பாதி விட்டுக்கொடுப்பது இரண்டாவது. இருவர் விருப்பமும் நிறைவேறும்படி புதியதொரு வழி காண்பது மூன்றாவது. இதற்கு அவர் தம் அனுபவத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தந்தார். ஹார்வர்டு நூலகத்தில் ஒரு சிறிய அறை. அங்கிருந்த ஒருவர் சன்னலைத் திறக்க விரும்பினார். அம்மையாரோ மூடியிருக்க விரும்பினார். முடிவில் எவரும் அமர்ந்திராத பக்கத்து அறையின் சன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, அது கிடைத்தது. இவருக்கு வேண்டியது வாடைக் காற்று நேரே மேலே வீசாதிருத்தல், அதுவும் கிடைத்தது. எவரும் தோற்கவில்லை, எதையும் பாதியாக்கிக்கொள்ளவும் இல்லை.

இக்கதையில் உள்ள நுட்பத்தைப் பத்து வயதுப் பிள்ளையும் விளங்கிக்கொள்ளும். வாய் கேட்பது ஒன்று; மனம் வேண்டுவது ஒன்று. 'சன்னலைத் திற' என்பது கேட்பது. 'காற்று வேண்டும்' என்பது வேண்டுவது. கேட்பவை மோதும் இடத்திலும் வேண்டுபவை மோதாமல் இருக்கலாம். பிணக்குத் தீர்க்கும் கல்வியின் முதற்பாடம் இதுவே.

சேர்ந்து அமர்ந்தால் போதுமா?

பலவகைப் பிள்ளைகளை ஓர் அறையில் அமர்த்திவிட்டால் நட்புத் தானே வளர்ந்துவிடும் என்று நம்புவோர் உண்டு. முசாபர் ஷெரிப் என்னும் உளநூல் அறிஞர் 1954-ஆம் ஆண்டு அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நடத்திய சோதனை இந்நம்பிக்கையைத் தளரச் செய்தது. பதினொன்று, பன்னிரண்டு வயதுள்ள இருபத்திரண்டு சிறுவர்களை இரண்டு குழுக்களாக்கி ஒரு கோடை முகாமில் தங்கவைத்தார். பின் இரு குழுக்களுக்கும் பந்தாட்டம், கயிறிழுத்தல் முதலிய போட்டிகளை ஏற்படுத்திப் பரிசும் அறிவித்தார். சில நாட்களிலேயே ஒரு குழு மற்றதன் கொடியை எரித்தது. ஒருவர் குடிலுள் மற்றவர் புகுந்து பொருள்களைக் கலைத்தார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஒரே மொழி பேசும், ஏறத்தாழ ஒரே நிலைக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகள்.

பின்னர் இருசாராரையும் ஒரே கூடத்தில் உணவருந்தச் செய்தார்கள். சேர்ந்து படம் பார்க்கச் செய்தார்கள். பகை குறையவில்லை, உணவையே ஒருவர்மேல் ஒருவர் வீசினார்கள். அதன்பின் முகாமுக்கு வரும் குடிநீர் நின்றுபோகும்படி ஏற்பாடாயிற்று. உணவு கொண்டுவரச் செல்ல வேண்டிய லாரி கிளம்பாமல் நின்றது. எந்தக் குழுவும் தனியே சரிசெய்ய முடியாத இடுக்கண்கள் இவை. முன்னர் எதிர் எதிராக நின்று இழுத்த அதே கயிற்றை லாரியில் கட்டி இரு குழுவினரும் ஒரு பக்கமாக நின்று இழுத்தார்கள். இவ்வாறு சில வேலைகளைக் கூடிச் செய்தபின் பகை தணிந்தது. திரும்பும்போது ஒரே பேருந்தில் செல்ல விரும்பினார்கள். ஒரு குழு தான் வென்ற ஐந்து டாலர் பரிசை அனைவருக்கும் பானம் வாங்கச் செலவிட்டது. சிறுவர்களுக்குத் தெரிவிக்காமல் பெரியவர்களே பகையை மூட்டிய இம்முறையைப் பின்வந்த ஆய்வாளர்கள் கண்டித்திருக்கிறார்கள்; கண்டிக்க வேண்டியதே. ஆயினும் அருகில் அமர்வது வேறு, கூடி உழைப்பது வேறு என்ற உண்மை இதனால் விளங்கிற்று.

இவ்வுண்மையைப் பாடம் நடத்தும் முறையாகவே ஆக்கியவர் எலியட் ஆரன்சன். 1971-ஆம் ஆண்டு டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில், அதுவரை பிரித்து வைக்கப்பட்டிருந்த வெள்ளையர், கருப்பர், மெக்சிக வழியினர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே பள்ளியில் சேர்க்கப்பட்டார்கள், பூசல்கள் மூண்டன. ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட கலப்புக் குழுக்களாகப் பிரித்தார்கள். பாடத்தைத் துண்டுகளாக்கி ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு துண்டை அளித்தார்கள். தன் பகுதியைக் கற்று மற்றவர்க்கு எடுத்துரைக்க வேண்டியது ஒவ்வொருவர் கடமை. தேர்வோ முழுப் பாடத்திலும் நடக்கும். ஆகவே திக்கித் திக்கிப் பேசும் பிள்ளையைக் கேலி செய்தால் அப்பகுதி தமக்கே கிடைக்காமற்போகும் என்பதைப் பிள்ளைகள் கண்டுகொண்டார்கள். கேலி செய்வதை விட்டுக் கேள்வி கேட்டுத் தூண்டக் கற்றார்கள். நம் நாட்டின் எந்தப் பள்ளியிலும் செலவின்றி நடத்தக்கூடிய முறை இது. கரும்பலகையும் நான்கு தாள்களும் போதும்.

பேச்சின் படிகள்

இவ்வாறு சூழ்நிலையைச் செம்மைப்படுத்தினாலும் சண்டை வரத்தான் செய்யும். வந்தபின் பேசித் தீர்க்கும் முறையை மின்னசோட்டா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்களான டேவிட் ஜான்சன், ரோஜர் ஜான்சன் என்னும் உடன்பிறந்தார் வகுத்துப் பள்ளிகளில் பயிற்றி வந்தார்கள். அதில் ஆறு படிகள் உண்டு. அவற்றை ஓர் எடுத்துக்காட்டின் வாயிலாக விளக்குவோம். நிகழ்ச்சி கற்பனையே, ஆயினும் நேயர்கள் பலருக்கு இது புதியதாகத் தோன்றாது.

போபாலில் ஒரு பள்ளி, ஆறாம் வகுப்பு. புதிதாக வந்த தமிழ்ச் சிறுவனை உள்ளூர்ச் சிறுவன் ஒருவன் நாள்தோறும் 'மதராசி' என்று அழைக்கிறான். அவன் பேச்சைப் போலப் பேசிக் காட்டுகிறான். ஒருநாள் தமிழ்ச் சிறுவன் அவனைப் பிடித்துத் தள்ள, அவனுடைய ஜியாமெட்ரி பெட்டி விழுந்து உடைகிறது. வகுப்பே கூடிவிட்டது.

முதலில் இருவரும் ஆற வேண்டும். கொதிக்கும் பாலில் பிரை ஊற்றுவார் இல்லை. இருவரையும் தனித்தனியே அமரச் செய்து, தண்ணீர் குடிக்கச் சொல்லிப் பத்து நிமிடம் விட்டுவிடுவது நலம். அதன்பின் படிகள் தொடங்கும்.

முதற்படி, தனக்கு வேண்டியதைச் சொல்லுதல். "என்னை என் பெயரால் அழைக்க வேண்டும்" என்கிறான் இவன். "என் பெட்டியைச் சரிசெய்து தர வேண்டும்" என்கிறான் அவன். இரண்டாம் படி, மனத்தில் பட்டதைச் சொல்லுதல். "எல்லோரும் சிரித்தபோது எனக்கு அவமானமாக இருந்தது." "பெட்டி உடைந்ததும் வீட்டில் அடி விழுமே என்று பயந்தேன்." 'நீ கெட்டவன்' என்று மற்றவன்மேல் தீர்ப்புச் சொல்லாமல், 'எனக்கு இப்படி இருந்தது' என்று தன் நிலையைச் சொல்லுவதே இப்படியின் இலக்கணம். முன்னதை எவனும் மறுத்துச் சண்டையை வளர்க்கலாம். பின்னதை மறுப்பது எளிதன்று.

மூன்றாம் படி, காரணம் சொல்லுதல். இங்கேதான் எதிர்பாராதவை வெளிவரும். உள்ளூர்ச் சிறுவன் சொல்லுகிறான்: "இவனும் இன்னொருவனும் கடைசிப் பலகையில் உட்கார்ந்து தமிழில் பேசிச் சிரிக்கிறார்கள். என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தேன்." தமிழ்ச் சிறுவன் வியப்படைகிறான். அவர்கள் பேசியது கிரிக்கெட்டைப் பற்றி. நம் மொழி நமக்கு வீடு. அருகில் நிற்பவனுக்கு அது பூட்டிய கதவு. இதை நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும்.

நான்காம் படி, மற்றவன் சொன்னதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லுதல். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இப்படியின் அருமை நன்கு தெரியும். ஒருவர் கூற்றைப் பிறிதொரு மொழியில் எழுத முற்படும்போதுதான் அதை இதுவரை அரைகுறையாகக் கேட்டிருக்கிறோம் என்பது புலனாகும். "நான் உன்னைப் பார்த்துச் சிரிப்பதாக நினைத்தாய், அதனால் உனக்குக் கோபம் வந்தது. சரிதானா?" என்று இவன் கேட்க வேண்டும். அவன் 'சரி' என்று ஒப்புக்கொள்ளும்வரை மேலே செல்லலாகாது. அதேபோல் அவனும் இவன் கூற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ஒப்புக்கொள்வது வேறு, விளங்கிக்கொள்வது வேறு என்பதைப் பிள்ளைகள் இங்கே கற்கிறார்கள்.

ஐந்தாம் படி, குறைந்தது மூன்று வழிகளைக் காணுதல். ஒரே வழி எனில் அது ஒருவனுடைய வழியாகிவிடும். இரண்டு எனில் மறுபடியும் அவன் வழி, இவன் வழி என்று நிற்கும். மூன்றாவதைத் தேடும்போதுதான் இருவரும் ஒரு பக்கம் நின்று யோசிக்கிறார்கள். ஆறாம் படி, ஒன்றைத் தேர்ந்து கைகுலுக்கி உறுதி செய்தல். பெயர் சொல்லி அழைப்பது. அருகில் மற்றவர் இருக்கும்போது இந்தியில் பேசுவது. பெட்டியை இருவரும் சேர்ந்து ஒட்டிப் பார்ப்பது, ஒட்டாவிடில் தள்ளியவன் வீட்டில் சொல்லி வேறு வாங்கித் தருவது. வெள்ளிக்கிழமையன்று மறுபடி பேசிப் பார்ப்பது என்று முடிவாகிறது. முடிவு சிறியதாகவும் நாள் குறித்ததாகவும் இருக்க வேண்டும். 'இனி நல்லவனாக இருப்பேன்' என்பது உறுதிமொழி ஆகாது; அதை எவராலும் சரிபார்க்க முடியாது.

நடுவே நிற்பவர்

இப்படிகளைப் பிள்ளைகள் தாமே ஏறிவிடுவார்களா? தொடக்கத்தில் ஏறமாட்டார்கள். நடுவே ஒருவர் நிற்க வேண்டும். ஜான்சன் முறையில் வகுப்பு முழுவதற்கும் இப்பயிற்சி அளித்து, நாளுக்கு இருவராக மாணவர்களையே முறைவைத்து இப்பணியில் அமர்த்துவார்கள். எல்லோருக்கும் முறை வருவதால், நேற்றுச் சண்டையிட்டவன் இன்று பிறர் சண்டையைத் தீர்க்க நிற்கிறான். இவ்வாறு நிற்பவர் தீர்ப்புக் கூறுவதில்லை. "நீ சொல், இப்போது அவன் சொல்லட்டும், மூன்று வழி கூறுங்கள்" என்று படிகளை நினைவூட்டுவதே அவர் வேலை.

பிள்ளைகள் கையில் பொறுப்பை ஒப்படைப்பது நம் நாட்டுக்குப் புதிதன்று. இரவீந்திரநாத் தாகூர் 1901-ஆம் ஆண்டில் சாந்திநிகேதனத்தில் தொடங்கிய பள்ளியில் மாணவர்களே தம் தலைவனைத் தேர்ந்தெடுத்தார்கள். சிறு குற்றங்களைத் தாமே கூடி விசாரித்தார்கள். விசாரணை மன்றத்துக்கும் நாம் இங்கே கூறும் முறைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மன்றம் 'நேற்று யார் செய்தது?' என்று கேட்கும். சமாதானப் பேச்சு 'நாளைக்கு என்ன செய்வோம்?' என்று கேட்கும். பள்ளிக்கு இரண்டும் தேவை. இரண்டாவதுதான் பெரும்பாலும் இல்லாதிருக்கிறது.

ஆசிரியர் கையில் பிரம்பு இருக்கும்வரை இக்கல்வி வேரூன்றாது. காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவில் 1910-ஆம் ஆண்டில் அமைத்த டால்ஸ்டாய் பண்ணையில் தமிழ்ப் பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அடிகளே அவர்களுக்குப் பாடம் சொன்னார். அங்கு அடங்காத ஓர் இளைஞனை ஒருநாள் அவர் ரூல்தடியால் கையில் அடித்துவிட்டார். அடிக்கும்போதே தம் உடல் நடுங்கியதாகத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அந்த இளைஞன் அழுது மன்னிப்புக் கேட்டான். அதன்பின் அவருக்குக் கீழ்ப்படிந்தும் நடந்தான். அடி பலித்தது என்றுதான் எவரும் சொல்லுவர். அடிகளோ அதற்காகப் பின்னரும் வருந்தினார். தம்முள் இருந்த ஆன்மாவைக் காட்டாமல் விலங்கைக் காட்டிவிட்டதாகவே அவர் கருதினார். பலித்த அடிக்கும் வருந்தியவர் அவர் என்பது எண்ணத்தக்கது.

அந்த வருத்தம் சட்டமாவதற்கு நெடுநாள் ஆயிற்று. பள்ளியில் உடல் தண்டனையை அனுமதித்த தில்லி விதிகளை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் தில்லி உயர்நீதிமன்றம் செல்லாதவையாக்கியது. 2009-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, பிள்ளைகளை அடிப்பதையும் மனம் நோகத் துன்புறுத்துவதையும் நாடெங்கும் தடைசெய்கிறது. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட அமைப்பு, சமாதானக் கல்வியைத் தனிப்பாடமாகக் கருதாமல் எல்லாப் பாடங்களிலும் ஊடுருவி நிற்க வேண்டிய நோக்கமாகக் கூறியது. தில்லி அரசுப் பள்ளிகளில் 2018-ஆம் ஆண்டு தொடங்கிய மகிழ்ச்சிக் கல்வி வகுப்பில், எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் சில நிமிடம் அமைதியாக அமர்ந்து தம் மனநிலையைக் கவனிக்கப் பழகினார்கள். நாம் முன்னர்க் கூறிய 'ஆறுதல்' என்பதற்கு அது நல்ல பயிற்சி. ஆகவே பெற்றோர் கூட்டத்தில், "இப்பள்ளியில் பிணக்குத் தீர்க்க என்ன முறை வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. கேட்க நமக்கு உரிமை உண்டு.

சமாதானம் பேசக்கூடாத இடம்

இம்முறையை எங்கும் பயன்படுத்தலாம் என்று எவரும் எண்ணிவிடக்கூடாது. இருவர் ஏறக்குறைய ஒத்த வலிமையுடையவராக இருந்து மோதினால் அது சண்டை. வலியவன் ஒருவனோ பலர் கூடியோ எளியவனைத் திரும்பத் திரும்ப வருத்தினால் அது துன்புறுத்தல். துன்புறுத்தப்பட்ட பிள்ளையைத் துன்புறுத்தியவன் எதிரே உட்காரவைத்து, "இருவரும் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள்" என்பது அநீதி. அவன் எதை விட்டுக்கொடுப்பான்? சாதி சொல்லி இழிவுபடுத்துதல், உடலைத் தீண்டித் தொல்லை தருதல், பணம் பறித்தல், கைப்பேசியில் படம் பரப்பி மானங்கெடுத்தல் ஆகியவை சமரசத்துக்கு உரியன அல்ல. அங்கே பெரியவர்கள் குறுக்கே நின்று தடுத்தே தீர வேண்டும். பள்ளி செவிசாய்க்காவிடில் குழந்தைகள் உதவிக்கான 1098 என்னும் தொலைபேசி எண் இருக்கிறது.

நம் எடுத்துக்காட்டில் வந்த 'மதராசி' என்ற சொல்லும் இந்த எல்லையில்தான் நிற்கிறது. ஒருவன் அறியாமல் சொன்னால் பேசித் தீர்க்கலாம். வேண்டாம் என்று சொன்னபின்னும் பலர் கூடிச் சொன்னால் ஆசிரியரிடம் செல்ல வேண்டும். ஆசிரியரிடம் சொல்லுவது கோள் சொல்லுவது ஆகாது என்பதைப் பிள்ளைக்கு முன்கூட்டியே தெளிவுபடுத்துவது நம் கடமை. ஒருவனை மாட்டிவிடச் சொல்லுவது கோள். ஒருவனைக் காப்பாற்றச் சொல்லுவது முறையீடு.

வீட்டில் செய்யத்தக்கவை

பள்ளி இவற்றைக் கற்பித்தாலும் கற்பிக்காவிட்டாலும், வீட்டில் நாம் தொடங்கலாம். அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம், "யாரடா முதலில் ஆரம்பித்தது?" என்றே நாம் கேட்கிறோம். இக்கேள்வி பிள்ளையை வக்கீல் ஆக்குகிறது. தன் கட்சியை வலுப்படுத்தவே அது பேசும். அதை விடுத்து மூன்று கேள்விகளைக் கேட்போம். என்ன நடந்தது? உனக்கு என்ன வேண்டியிருந்தது? அவனுக்கு என்ன வேண்டியிருந்திருக்கும்? மூன்றாம் கேள்விக்கு முதலில் "தெரியாது" என்றே விடை வரும். தெரியாது என்று உணர்வதே நல்ல தொடக்கம்.

அடுத்து, சண்டை நடக்கும் மொழியிலேயே சமாதானச் சொற்களைக் கற்பிக்க வேண்டும். இந்தி வழங்கும் ஊரில் இருப்போர் நான்கு சிறு வாக்கியங்களைப் பிள்ளைக்குப் பழக்கலாம். 'முஜே புரா லகா' என்றால் 'எனக்கு வருத்தமாக இருந்தது'. 'மேரீ பாத் பூரீ ஸுன் லோ' என்றால் 'நான் சொல்வதை முழுவதும் கேள்'. 'தும் க்யா சாஹ்தே ஹோ?' என்றால் 'உனக்கு என்ன வேண்டும்?' 'சலோ, மில்கர் ஸோச்தே ஹைங்' என்றால் 'வா, சேர்ந்து யோசிப்போம்'. கொல்கத்தாவிலும் புனேயிலும் பெங்களூரிலும் வாழ்வோர் இந்நான்கையும் அந்தந்த மொழியில் அண்டை வீட்டாரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அவ்வாறு கேட்கச் செல்லுவதே ஒரு நட்புக்கு வாயிலாகும். வசவு தெருவில் இலவசமாகக் கிடைக்கும். இவ்வாக்கியங்களை நாம்தான் தேடிக் கொடுக்க வேண்டும்.

இறுதியாக, பிள்ளைகள் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாடிக் குழாயில் தண்ணீர் பிடிக்கும் முறைக்காகவும் வண்டி நிறுத்தும் இடத்துக்காகவும் நாம் அண்டை வீட்டாருடன் பேசும் குரலை அவர்கள் கேட்கிறார்கள். கதவை மூடியபின் அவ்வீட்டாரின் மாநிலத்தையும் மொழியையும் பற்றி நாம் தமிழில் சொல்லும் வார்த்தைகளையும் கேட்கிறார்கள். 'மதராசி' என்பது நம்மைச் சுடுமானால், எல்லா வடநாட்டாரையும் ஒரே பெயரில் அடக்கி நாம் பேசுவதும் சுடும். கணவனும் மனைவியும் பிள்ளைகள் எதிரில் மாறுபட்டுப் பேச நேர்ந்தால், மாறுபட்டதை மட்டும் காட்டிவிட்டு ஒன்றுபட்டதை மறைவில் வைத்துக்கொள்வது வழக்கமாக இருக்கிறது. எவ்வாறு ஒன்றுபட்டோம் என்பதையும் அவர்கள் கேட்கச் சொல்லுவோம்.

இக்கல்வி ஒரு வாரத்தில் பலிப்பதன்று. பெருக்கல் வாய்பாட்டைப்போல் பல மாதம் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகியே தீர வேண்டும். சிறு சண்டைகளில் பழகினால்தான் பெரிய சண்டையில் நினைவுக்கு வரும். அடுத்த மாற்றல் உத்தரவு வந்ததும் நாம் பெட்டி படுக்கைகளைக் கட்டுகிறோம். பிள்ளை தன் பள்ளியையும் தோழர்களையும் விட்டுவிட்டுப் புறப்படுகிறது. அது கற்ற இந்த ஆறு படிகள் மட்டும் எந்த ஊருக்கும் அதனுடன் செல்லும்.